தேனிலவின் அட்டவணை

என் பழைய மாணவி ஒருத்தி போன மாதம் ஒரு கோப்பை அனுப்பியிருந்தாள். "மேம், கொஞ்சம் பாத்து சொல்லுங்க. எங்க ரெண்டு பேருக்கும் ஐரோப்பா புதுசு" என்று ஒரு வரி. திறந்தால் எக்செல் அட்டவணை. பாரிஸில் நான்கு இரவு, வெனிஸில் மூன்று, வியன்னாவில் மூன்று. ஒவ்வொரு நகரத்திலும் ஒரே விடுதியில் தங்கி, பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு, காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி ஒருநாள் பயணங்கள்: பாரிஸிலிருந்து வெர்சாய், வெனிஸிலிருந்து முரானோ, புரானோ தீவுகள், வியன்னாவிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள பிராட்டிஸ்லாவா. அதிக இரவுகள் பிரான்சில் என்பதால் ஷெங்கன் விசாவுக்குப் பிரான்சிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதுவரை குறித்திருந்தாள். அவளது மாதவிலக்குத் தேதிகூட ஓரத்தில் சிவப்பு நிறத்தில் இருந்தது. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் இவள் தேறிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு பிழை. வெர்சாய் அரண்மனையைத் திங்கட்கிழமையில் போட்டிருந்தாள். அன்று விடுமுறை. அதை எழுதி அனுப்பியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும். ஆனால் அட்டவணையை இரண்டாம் முறை படித்தபோது வேறொன்று உறுத்தியது. காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணி வரை நிரம்பியிருந்த அந்தப் பத்து நாள்களில் அவள் தனியாக இருக்கும் நேரம் என்று ஒரு கட்டமும் இல்லை. தேனிலவில் எதற்குத் தனிமை என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஐரோப்பாவில் நீண்ட வரலாறு இருக்கிறது.

நாம் 'தேனிலவு' என்று சொல்வது ஆங்கிலச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வழங்கத் தொடங்கியபோது அது பயணத்தைக் குறிக்கவில்லை. புதுமணத்தின் இனிப்பு, நிலவைப் போலவே நிறைந்து பின் தேயும் என்ற கேலிதான் அதில் இருந்தது. பயணம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வசதியான ஆங்கிலக் குடும்பங்களில் மணமக்கள் 'மணப் பயணம்' போனார்கள். திருமணத்துக்கு வர முடியாத உறவினர்களின் வீடுகளுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு வருவது அதில் ஒரு பகுதி. நம்மூர் மறுவீட்டு விருந்தின் நீண்ட வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். மணப்பெண்ணின் தங்கையோ தோழியோ கூடவே போவதும் உண்டு. போகப்போக உறவினர்கள் கழன்றுகொண்டார்கள். இருவர் மட்டும், தெரியாத ஊரில், தெரியாத மொழிக்கு நடுவே என்றானது. விக்டோரியா காலத்துத் தேனிலவுகளைப் பற்றி ஹெலனா மிச்சி 2006இல் ஒரு நூல் எழுதினார். அறுபதுக்கும் மேற்பட்ட தம்பதிகளின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் படித்தவர் அவர். பிறந்த வீட்டின் மகளாக இருந்தவளைப் பிரித்தெடுத்து ஒருவனின் மனைவியாக மாற்றிப் பழக்கும் பயிற்சிக்களமாக இந்தப் பயணம் இருந்ததை அதில் காட்டுகிறார்.

தேனிலவு எத்தனை நாள் என்பதைத் தானே முடிவு செய்த மணப்பெண் அந்தக் காலத்தில் ஒருத்தியாவது உண்டா? உண்டு, ஆனால் அவள் அரசி. 1840 பிப்ரவரி 10 அன்று திருமணம் செய்துகொண்ட விக்டோரியா, நீண்ட ஓய்வை விரும்பிய ஆல்பர்ட்டிடம் நாடாளுமன்றக் கூட்டம் நடக்கும்போது தன்னால் அப்படிப் போக இயலாது என்று எழுதிவிட்டார். வின்ட்சர் அரண்மனையில் மூன்றே நாள். மற்ற பெண்களுக்கு ஆள ஒரு நாடு இல்லாததால் அட்டவணையைக் கணவன் எழுதினான்.

எஃபி கிரேயின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரைச் சேர்ந்தவள். 1848 ஏப்ரல் 10 அன்று, பத்தொன்பது வயதில், கலை விமர்சகர் ஜான் ரஸ்கினை மணந்தாள். அந்த ஆண்டு ஐரோப்பா முழுவதும் புரட்சிகள் வெடித்திருந்ததால் கண்டத்துக்குப் போகும் திட்டம் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்து மலைகளும் இங்கிலாந்தின் ஏரிப் பகுதியும் போதும் என்றானது. முதலிரவில் கணவன் அவளைத் தொடவில்லை. பிறகும் தொடவில்லை. குழந்தைகள் பிடிக்காது, மதக் காரணங்கள், அவளுடைய அழகைக் காப்பாற்ற வேண்டும் என்று காரணங்கள் மாறிக்கொண்டே வந்தன. அவளுக்கு இருபத்தைந்து வயதாகட்டும் என்று ஒரு கெடுவும் வைத்தான்.

அந்த ஆண்டின் பிற்பகுதியில் நார்மண்டிக்குப் போனார்கள். அவன் தேவாலயக் கற்களை அளந்துகொண்டிருந்தான். அந்தக் குறிப்புகள் கட்டடக்கலையின் ஏழு விளக்குகளைப் பற்றிய நூலாக 1849இல் வெளிவந்தன. அதே ஆண்டு நவம்பரில் வெனிஸ். ஆஸ்திரியப் படையின் முற்றுகைக்குப் பணிந்து மூன்று மாதம்கூட ஆகாத ஊர். தானியேலி விடுதியில் தங்கினார்கள். ரஸ்கின் ஏணி வைத்து ஏறித் தூண் தலைகளை வரைந்தான். எஃபி தன் தோழி சார்லட் கெர்ரோடு ஊரைச் சுற்றினாள், ஆஸ்திரிய அதிகாரிகளின் நடன விருந்துகளுக்குப் போனாள், வீட்டுக்குக் கடிதங்கள் எழுதினாள். ரஸ்கினின் வெனிஸ் நூல் மூன்று தொகுதி. கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். எஃபியின் கடிதங்களில் சந்தை, சாப்பாடு, உடை, யார் யாரோடு பேசினார்கள் என்பதெல்லாம் இருக்கின்றன. கல்லைப் பற்றி எழுதினால் வரலாறு, கல்லின் நிழலில் வாழ்ந்தவர்களைப் பற்றி எழுதினால் வம்பு என்ற பாகுபாடு நம் பாடத்திட்டங்களிலும் இருப்பதால் இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை.

1854 மார்ச்சில், மணமாகி ஆறாவது ஆண்டு முடியப்போகும் நிலையில், அவள் தன் தந்தைக்கு நடந்ததை முதன்முறையாக எழுதினாள். ஏப்ரல் 25 அன்று பெற்றோரைப் பார்க்கப் போவதுபோல் லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் ரயில் ஏறியவள் திரும்பவில்லை. மணமோதிரமும் வீட்டுச் சாவிகளும் கணக்குப் புத்தகமும் ஒரு பொட்டலமாக மாமியாருக்குப் போய்ச் சேர்ந்தன. இந்தப் பொட்டலத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அன்பு போயிற்று என்று அவள் எழுதவில்லை. கணக்கை ஒப்படைத்தாள். இங்கிலாந்தில் விவாகரத்து நீதிமன்றம் வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன. அதனால் திருச்சபை நீதிமன்றத்தில் மணம் செல்லாது என்று நிறுவ வேண்டியிருந்தது. அவள் கன்னி என்று இரண்டு மருத்துவர்கள் பரிசோதித்துச் சான்று சொன்னார்கள். ஜூலை 15 அன்று மணம் ரத்தானது. மறு ஆண்டு ஓவியர் மில்லேயை மணந்தாள், எட்டுப் பிள்ளைகள் பெற்றாள். ஆனால் மூன்றே நாள் தேனிலவு கொண்டாடிய அரசி அவளைப் பல பத்தாண்டுகள் தன் அவைக்குள் அனுமதிக்கவில்லை. 1896இல் மில்லே சாகக்கிடந்தபோது கேட்டுக்கொண்டதால்தான் இணங்கினார்.

எஃபிக்கு விடுதலை கிடைத்த ஐந்தாம் நாள், 1854 ஜூலை 20 அன்று, மரியன் எவன்ஸ் என்ற முப்பத்துநான்கு வயதுப் பெண் ஜார்ஜ் ஹென்றி லூயிஸோடு லண்டனிலிருந்து கப்பல் ஏறினாள். லூயிஸ் ஏற்கெனவே மணமானவர், சட்டப்படி விலக முடியாதவர். வைமாரிலும் பெர்லினிலும் எட்டு மாதம். லூயிஸ் கதேயின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அவள் மொழிபெயர்ப்பில் உதவினாள், தன் கட்டுரைகளையும் எழுதினாள். சடங்கில்லாத அந்தத் தேனிலவின் விலையாக ஊர் அவளை ஒதுக்கியது, அண்ணன் பேச்சை நிறுத்தினார். பின்னாளில் ஜார்ஜ் எலியட் என்ற பெயரில் அவள் எழுதிய 'மிடில்மார்ச்' நாவலில் டோரத்தியா என்ற இளம்பெண் ரோமுக்குத் தேனிலவு போகிறாள். கணவன் வத்திக்கான் நூலகத்தில் ஏடுகளைப் புரட்டுகிறான். அவள் விடுதி அறையில் அழுகிறாள். பழைய பெருநகரத்தின் இடிபாடுகளும் ஒரு பெண்ணின் புதிய ஏமாற்றமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் அந்தப் பகுதியை வகுப்பில் சொன்னால் முதுகலை மாணவிகள் பேச்சில்லாமல் இருப்பார்கள். எலியட் சட்டப்படி தேனிலவு போனது 1880இல், அறுபது வயதில், தன்னைவிட இருபது வயது இளையவரான ஜான் கிராஸோடு. அந்தப் பயணத்தில், வெனிஸ் விடுதியின் மேல்மாடத்திலிருந்து கால்வாயில் குதித்தவர் கணவர். காப்பாற்றிவிட்டார்கள். டிசம்பரில் அவள் இறந்தாள்.

தேனிலவில் எழுதிவைக்கப்பட்ட இந்த இருட்டுக்கெல்லாம் ஒரு காரணம் அறியாமை. பெண்ணிடம் எதையும் சொல்லாமல் அனுப்புவதே ஒழுக்கம் என்றிருந்தது. நம் அடையாறில் பிற்காலத்தில் வாழ்ந்து 1933இல் அங்கேயே மறைந்த அன்னி பெசன்ட், 1867 டிசம்பரில், இருபது வயதில் ஒரு பாதிரியாரை மணந்தவர். மணவாழ்வின் உடல் சார்ந்த எதையும் அறியாமல் தான் அனுப்பப்பட்டதை, அது பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமை என்று தன்வரலாற்றில் வெளிப்படையாக எழுதினார். 1877இல் கருத்தடை பற்றிய சிறுநூலை வெளியிட்டதற்காக வழக்கைச் சந்தித்தார். அதன் தொடர்ச்சியாக மகளைத் தன்னிடம் வைத்திருக்கும் உரிமையையும் இழந்தார். மேரி ஸ்டோப்ஸ் 1918இல் தம்பதிகளுக்கான வழிகாட்டி நூலை எழுதியதும் தன் சொந்த மணம் எஃபியினுடையதைப் போலவே ரத்தான பிறகுதான்.

அதற்காக ஐரோப்பியப் பயணமே பெண்ணுக்குச் சிறை என்று சொல்லிவிட முடியாது. 1863 ஜூனில் தாமஸ் குக் முதன்முதலாக ஸ்விட்சர்லாந்துக்குக் கூட்டிப்போன குழுவில் ஜெமைமா மொரெல் என்ற யார்க்ஷயர் பெண் இருந்தாள். மணமாகாதவள். அந்த அகலப் பாவாடையோடு பனிப்பாறையில் நடந்து, அதையெல்லாம் கேலியும் குதூகலமுமாக நாட்குறிப்பில் எழுதினாள். காவலுக்கு ஆண் துணை இல்லாத பெண்கள் கண்ணியம் கெடாமல் ஊர் பார்க்கக் குக்கின் குழுக்கள் வழி திறந்தன. 1868இல் அவர் விடுதிச் சீட்டுகளையும் கொண்டுவந்தார். முன்பணம் கட்டிச் சீட்டைக் காட்டினால் அறை. என் மாணவியின் கைப்பேசியில் இருக்கும் முன்பதிவுக்கு அதுதான் பாட்டி.

முன்பதிவு யார் பெயரில்? 1922இல் நியூயார்க்கில் டோரிஸ் ஃப்ளைஷ்மன் மணமான அன்றே கணவரோடு வால்டார்ஃப் விடுதிக்குப் போய்ப் பதிவேட்டில் தன் சொந்தப் பெயரை எழுதினார். பத்திரிகைகளுக்கு அது தலைப்புச் செய்தி. 1925இல் ஐரோப்பா போவதற்காகப் பிறந்த பெயரிலேயே கடவுச்சீட்டும் வாங்கினார். மணமான அமெரிக்கப் பெண்ணுக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதன்முறை.

இதையெல்லாம் மாணவிக்கு எழுதவில்லை. புதுப்பெண்ணிடம் எஃபியின் பொட்டலத்தைப் பற்றிச் சொல்வது நாகரிகமில்லை. என் தேனிலவே கொடைக்கானலில் மாமியார், இரண்டு நாத்தனார்கள், ஒரு பிளாஸ்க் சகிதம் நடந்தது. ஏரியைச் சுற்றி நடக்கும்போது எல்லோருக்கும் காபி ஊற்றிக்கொடுத்ததுதான் நினைவிருக்கிறது. அறிவுரை சொல்ல எனக்கு என்ன தகுதி? இரண்டே திருத்தங்கள் எழுதினேன். வெர்சாயை வேறு நாளுக்கு மாற்று. போகும்போது, 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டி கேட்டு பாரிஸ் சந்தைப் பெண்கள் மழையில் இருபது கிலோமீட்டர் நடந்து போனது அந்தத் திசையில்தான், மறுநாள் அரசனையே கையோடு கூட்டிவந்தார்கள் என்பதை நினைத்துக்கொள். அடுத்தது, வெனிஸிலிருந்து அரைமணி ரயிலில் பாதுவா. அங்கே 1678 ஜூன் 25 அன்று எலெனா கொர்னாரோ பிஸ்கோபியா தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றாள். உலகில் அந்தப் பட்டம் பெற்ற முதல் பெண் என்று அறியப்படுபவள். இறையியலில்தான் கேட்டாள், பெண் என்பதால் ஆயர் மறுத்துவிட்டார். அவள் வெனிஸில் பிறந்தவள், மணம் வேண்டாம் என்று இருந்தவள். பல்கலைக்கழகக் கட்டடத்தின் படிக்கட்டருகே சிலை இருக்கிறது.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் புதிய அட்டவணை வந்தது. வெர்சாய் புதன்கிழமைக்குப் போயிருந்தது. வெனிஸின் இரண்டாம் நாள் கட்டம் இரண்டாகப் பிளந்திருந்தது. கீழே குறிப்பு: "அவருக்கு முரானோவில கண்ணாடி ஊதறதப் பாக்கணுமாம் மேம், பாதுவா போரடிக்கும்னார். சரி, நீங்க முரானோ போங்க, நான் பாதுவா போயிட்டு வரேன், சாயங்காலம் அஞ்சரைக்கு சாந்தா லூச்சியா ஸ்டேஷன்ல பாக்கலாம்னேன். அம்மாகிட்ட மட்டும் இத சொல்லிடாதீங்க."