கூத் நகரின் கணக்கு

பக்தாத் என்னும் பெயர் நம் இல்லங்களுக்கு அந்நியமானதன்று. முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் மௌலிது ஓதப்படும் ரபீஉல் ஆகிர் மாதத்தில் அப்பெயர் ஒலிக்காத தமிழ் முஸ்லிம் ஊர் அரிது. இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்கள் அடங்கியிருப்பதும் அந்நகரில்தான். ஆனால், முதல் உலகப் போரின்போது பக்தாதை நோக்கிச் செல்லும் திஜ்லா நதிக் கரைக்கு ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அனுப்பப்பட்டார்கள் என்பதும், அவர்களுள் பெருந்தொகையினர் முஸ்லிம்கள் என்பதும், நம் சென்னை மாகாணத்துச் சாப்பர்ஸ் படையினரும் அங்கு இருந்தார்கள் என்பதும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தமக்குச் சொந்தமில்லாத ஒரு போரில் மனிதர்கள் இவ்வளவு பேர் மாண்டது தகுமா என்று கேட்டால், "நோக்கம் பெரிது, அதற்கு விலை கொடுக்கத்தானே வேண்டும்" என்னும் விடை எப்போதும் ஆயத்தமாக இருக்கிறது. அவ்விடையை உரசிப் பார்ப்பதற்கு மெஸபொடோமியாவை விடத் தக்க உரைகல் நமக்குத் தெரியவில்லை.

நோக்கம் என்ன? பாரசீகத்தின் அபாதானில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. பிரிட்டிஷ் கடற்படை நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. அந்த எண்ணெய்க் கம்பெனியின் பெரும் பங்கை 1914ஆம் ஆண்டில்தான் பிரிட்டிஷ் அரசாங்கம் வாங்கியிருந்தது. நவம்பர் 5ஆம் நாள் உதுமானிய அரசின்மீது போர் அறிவித்தார்கள். மறுநாளே இந்தியப் படை ஃபாவ் துறையில் இறங்கியது. அம்மாதம் முடியுமுன் பஸ்ரா வீழ்ந்தது. எண்ணெயைக் காப்பதுதான் குறிக்கோள் என்றால், அது அப்போதே நிறைவேறிவிட்டது. அரேபியாவின் புனிதத் தலங்களும் மெஸபொடோமியாவின் தர்காக்களும் தாக்கப்படமாட்டா என்று வைசிராயின் அரசாங்கம் இந்திய முஸ்லிம்களுக்கு வாக்குறுதியும் அளித்திருந்தது.

அத்துடன் நின்றார்களா? இல்லை. 1915 ஜூனில் அமாரா, செப்டம்பரில் கூத் என்று நதியோரமாக மேலே ஏறிக்கொண்டே போனார்கள். கல்லிப்போலியில் பட்ட அவமானத்தை மறைக்க இலண்டனுக்கு ஏதேனும் ஒரு வெற்றி தேவைப்பட்டது. பக்தாத் அதற்கு வாய்ப்பாகத் தோன்றிற்று. தளபதி டவுன்ஷெண்டின் படை நவம்பர் 22ஆம் நாள் துருக்கியரோடு மோதிய இடத்தை ஆங்கில நூல்கள் தெசிபோன் என்று எழுதுகின்றன. நாம் அதை ஸல்மான் பாக் என்றே அறிவோம். ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்களின் தோழர் ஸல்மானுல் பார்ஸி (ரலி) அவர்கள் அடங்கியிருக்கும் இடம் அது. மாதம் பதினொரு ரூபாய்ச் சம்பளத்துக்குப் படையில் சேர்ந்திருந்த முஸ்லிம் சிப்பாய், ஒரு ஸஹாபியின் கபுரடியில் கலிபாவின் படையை நோக்கிச் சுட வேண்டியவன் ஆனான்.

அந்தக் களத்தில் டவுன்ஷெண்டின் படையில் கொல்லப்பட்டோரும் காயமுற்றோரும் 4,500க்கு மேல். காயம்பட்டவர்கள் வில் இல்லாத கட்டை வண்டிகளில் ஆற்றங்கரைக்கு இழுத்து வரப்பட்டு, கப்பல்களில் அடுக்கப்பட்டார்கள். அவற்றுள் ஒன்று பஸ்ராவை நெருங்குகையில் மருத்துவ அதிகாரி மேஜர் கார்ட்டர் பார்த்தார். கப்பலின் பக்கங்களில் கயிறுகள் தொங்குவதுபோல் தோன்றியது. அருகில் வந்தபோதுதான், அவை கயிறுகளல்ல, காய்ந்து உறைந்த மனிதக் கழிவு என்று கண்டார். எழுதக் கூசுகிறது, ஆயினும் 'விலை' என்னும் சொல்லை எளிதாக வழங்குவோர் இதையும் அறிந்திருக்க வேண்டும். கண்டதைச் சொன்னதற்காகக் கார்ட்டரை மேலதிகாரிகள் மிரட்டினார்கள். 1917இல் விசாரணைக் கமிஷனின் அறிக்கை வெளிவந்த பிறகே உலகம் அவர் சொன்னதை நம்பிற்று. இந்தியா மந்திரி ஆஸ்டின் சேம்பர்லின் பதவி விலகினார்.

தோற்றுப் பின்வாங்கிய படை கூத் நகருக்குள் புகுந்தது. டிசம்பர் 7 முதல் துருக்கியர் அதைச் சூழ்ந்துகொண்டார்கள். முற்றுகை 147 நாட்கள் நீடித்தது. தானியம் குறைந்தது, குதிரைகளை அறுக்கத் தொடங்கினார்கள். இந்தியச் சிப்பாய்கள், ஹிந்துக்களும் முஸ்லிம்களும், அதைத் தொட மறுத்தார்கள். ஹனபீ மத்ஹபில் குதிரை இறைச்சி மக்ரூஹ், ஷாபிஈ மத்ஹபில் ஆகுமானது என்பதை நம் ஊர்களில் ஓதிய பிள்ளைகளும் அறிவார்கள். வடநாட்டுச் சிப்பாய்கள் பெரும்பாலும் ஹனபீகள். நிர்ப்பந்த நிலையில் உண்ணலாம் என்னும் மார்க்க அறிஞர்களின் அனுமதி இந்தியாவிலிருந்து கம்பியில்லாத் தந்தியில் வந்தது. அப்படியும் பலர் ஏப்ரல் மாதம் வரை உண்ணவில்லை. இறைச்சியும் காய்கறியும் இல்லாமல் இந்தியர் சொறிகரப்பான் நோயால் ஈறு புண்ணாகி வீழ்ந்தனர். வெள்ளை மாவு உண்ட ஆங்கிலேயர் பெரிபெரி நோயால் வீழ்ந்தனர்.

இனி, நாம் சொல்லவந்த கணக்கு. உணவு சிறிது காலத்துக்கே வரும் என்று டவுன்ஷெண்ட் முதலில் செய்தி அனுப்பியதால், அவரை மீட்கச் சென்ற படை ஆயத்தமின்றி அவசரமாக ஏவப்பட்டது. ஷெய்கு ஸஅத், வாதி, ஹன்னா, துஜைலா என்று ஒவ்வோரிடத்திலும் சேற்றிலும் வெள்ளத்திலும் மோதி விழுந்தார்கள். ஏப்ரல் இறுதிவரை அந்த மீட்புப் படையில் மாண்டோரும் காயமுற்றோரும் சுமார் 23,000 பேர். மீட்கப்பட வேண்டியிருந்தவர்களோ சுமார் 13,000 பேர். அந்தப் பதின்மூவாயிரவரும் மீளவில்லை. பத்து லட்சம் பவுன், பிறகு இருபது லட்சம் பவுன் தருகிறோம் என்று தூதனுப்பியும் துருக்கியர் இணங்கவில்லை. 1916 ஏப்ரல் 29ஆம் நாள் கூத் சரணடைந்தது.

பாலைவனத்தினூடே நடத்திச் செல்லப்பட்ட கைதிகளுள் ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுமார் 2,600 பேர். அவர்களில் 1,700 பேருக்கு மேல் திரும்பவில்லை. ரயில் பாதை வேலையிலும் வழியிலும் இந்தியர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். கைதிக்கு உணவளிப்பதைப் புண்ணியமாகப் போற்றும் மார்க்கத்தைச் சேர்ந்தவர்களின் காவலில் இது நடந்தது. துருக்கியர் முஸ்லிம்கள் என்பதற்காக இதை மறைக்க நாம் விரும்பவில்லை. டவுன்ஷெண்டோ இஸ்தான்புல்லை அடுத்த தீவொன்றில் வசதியான மாளிகையில் வைக்கப்பட்டார். சிறையிருப்பின் போதே அவருக்கு 'ஸர்' பட்டமும் வந்து சேர்ந்தது.

கூத் நகரில் அரபு மக்களும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தங்கள் வீடுகளில் யாரோ வந்து புகுந்து போரிட்டதைத் தவிர அவர்கள் செய்த குற்றம் ஏதுமில்லை. முற்றுகையில் பசியாலும் குண்டாலும் மாண்டார்கள். முடிந்தபின், ஆங்கிலேயருக்கு உதவியதாகச் சிலரைத் துருக்கியர் தூக்கிலிட்டார்கள். இவர்கள் எந்தத் தரப்பின் நஷ்டப் பட்டியலிலும் ஏறவில்லை.

மறுத்தவர்களும் இருந்தார்கள். 1916 பிப்ரவரியில் பதினைந்தாம் லான்ஸர்ஸ் குதிரைப்படையின் முஸ்லிம் வீரர்கள், புனிதத் தலங்கள் உள்ள மண்ணில் சகோதர முஸ்லிம்களோடு போரிட மாட்டோம் என்று பஸ்ராவிலேயே நின்றுவிட்டார்கள். வேறெங்கு அனுப்பினாலும் போவோம் என்றும் சொன்னார்கள். நானூறுக்கு மேற்பட்டோருக்கு இராணுவ நீதிமன்றம் தண்டனை விதித்தது. உண்ட உப்புக்குத் துரோகம் என்று அன்று எழுதினார்கள். அளித்த வாக்குறுதியை மீறி அந்த மண்ணில் மேலேறியவர்கள் யார் என்று எவரும் கேட்கவில்லை.

1917 மார்ச் 11ஆம் நாள் பக்தாத் வீழ்ந்தது. அந்த வெற்றி, முன்னர் மாண்டோர்க்கெல்லாம் ஈடாகிவிட்டது என்போர் உண்டு. வெற்றி கொண்டவராக அல்ல, விடுவிப்பவராக வந்தோம் என்று தளபதி மாட் பிரகடனம் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் காலரா கண்டு அந்நகரிலேயே இறந்தார். மூன்றே ஆண்டுகளில், 1920இல், 'விடுவிக்கப்பட்ட' மக்கள் ஆங்கிலேயருக்கு எதிராகவே கிளர்ந்தெழுந்தார்கள். அவர்களை அடக்குவதற்கும் இந்தியச் சிப்பாயே அனுப்பப்பட்டான். ஈராக்கியர் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். ஈடு கட்டிவிட்டது என்பவர்கள் இந்த இரண்டாம் விலையை எந்தப் பத்தியில் எழுதுவார்களோ, நாமறியோம்.

1929இல் பஸ்ராவில் நினைவகம் ஒன்று திறக்கப்பட்டது. கல்லறை தெரியாத நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு உரியது அது. ஆங்கிலேயச் சிப்பாய்களின் பெயர்கள் உண்டு. இந்திய அதிகாரிகளின் பெயர்களும் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்கோ, படைப்பிரிவின் பெயரும் இத்தனை பேர் என்னும் தொகையும் மட்டுமே. 1997இல் ஈராக் அரசு அந்நினைவகத்தைப் பெயர்த்து, நாஸிரிய்யா செல்லும் சாலையில் 32 கிலோமீட்டர் தொலைவில் நிறுவியது. 2003இல் பிரிட்டிஷ் படை மறுபடியும் பஸ்ராவுக்குள் நுழைந்தது. 2021இல்தான், நினைவகங்களை நிர்வகிக்கும் ஆணையம், ஆசிய ஆப்பிரிக்க வீரர்களைச் சமமாக நினைவுகூரத் தவறினோம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

நம் மாநிலத்துச் சிற்றூர்கள் சிலவற்றிலும் அக்காலத்துக் கற்பலகைகள் உண்டு. இவ்வூரிலிருந்து மகாயுத்தத்துக்கு இத்தனை பேர் சென்றார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அங்கும் தொகைதான், பெயரில்லை. பாட்டனார் காலத்துப் பென்ஷன் காகிதமோ, பஸ்ராவிலிருந்து வந்த கடிதமோ, பதக்கமோ தங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்குமாயின், அன்பர்கள் அதிலுள்ள பெயரையும் ஊரையும் நமக்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம்.