சமையற்கட்டில் ஒரு சன்னியாசி

நமது சங்கத்தைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பத்தாரைக் காணுந்தோறும் ஒரு முறைப்பாடு தவறாமல் நம் செவியில் விழுகின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குச் செல்கின்றோம். மற்றை ஆறு நாளும் கடையும் கணக்கும் கச்சேரியும் எங்களை விழுங்கிவிடுகின்றன. ஜெபத்துக்கு அவகாசம் எங்கே என்பர் ஆடவர். அடுப்பங்கரையை விட்டு எழுந்திருக்க நேரமில்லாதவளுக்குத் தியானம் ஏது என்பர் ஸ்திரீகள். கையிலுள்ள தொலைபேசி நிமிஷத்துக்கொரு தரம் ஒலிக்கின்ற இக்காலத்தில் இம்முறைப்பாட்டைச் சோம்பேறிகளின் சாக்கு என்று தள்ளிவிட நாம் உடன்படோம். ஆயினும் அது புதிய கஷ்டமன்று. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னே பாரிஸ் மாநகரில் இதே கஷ்டத்தை அடுப்பின் முன் நின்று அனுபவித்த ஒருவருடைய சரித்திரம் நமக்குக் கிடைத்திருக்கின்றது. அவர் பெயர் சகோதரர் லாரென்ஸ்.

இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நிக்கொலா எர்மான் என்பது. பிராஞ்சு தேசத்தின் கிழக்கெல்லையிலுள்ள லொரேன் நாட்டில், லூனேவில் பட்டணத்துக்கு அருகான எரிமெனில் என்னுங் கிராமத்தில், 1614-ஆம் ஆண்டளவில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். பதினெட்டாம் வயதில் ஒரு மாரிக்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரமொன்றைக் கண்டு, சில நாளில் இது மீண்டும் தளிர்த்துப் பூத்துக் காய்க்குமே என்று எண்ணினாராம். அந்த எண்ணமே தெய்வ பராமரிப்பைப் பற்றிய உணர்ச்சியை அவருள்ளத்தில் அழியாமற் பதித்ததென்று பிற்காலத்தில் தாமே கூறியிருக்கின்றார். அதற்காக அவர் உடனே துறவியாகிவிடவில்லை. 1618 முதல் 1648 வரை ஐரோப்பாவைப் பாழாக்கிய முப்பதாண்டுப் போர் அப்பொழுது நடந்துகொண்டிருந்தது. அதிற் சிப்பாயாகச் சேர்ந்தார். ஜெர்மானியச் சேனையாரிடம் அகப்பட்டு, ஒற்றனென்று தூக்கிலிடப்படுந் தறுவாயில் தப்பினார். பின்னர்ச் சுவீடன் படையால் காயமுற்று, ஆயுள் முழுதும் காலை இழுத்து நடக்கலானார். அதன்பின் பாரிஸில் பியூபே என்னும் பொக்கிஷ அதிகாரியிடம் ஏவலாளாக அமர்ந்தார். தொட்டதையெல்லாம் உடைக்கும் முரட்டுக் கையன் என்பது அவர் தம்மைப் பற்றியே சொன்ன வார்த்தை.

1640-ஆம் ஆண்டில் அந்நகரத்து வோழிரார் வீதியிலிருந்த கர்மேல் சபை மடத்தில் ஊழியச் சகோதரராகச் சேர்ந்தார். இவ்விடத்தில் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அக்காலத்து மடங்களில் இருவகையார் இருந்தனர். லத்தீன் கற்றுக் குருப்பட்டம் பெற்றுக் கோயிலிலே சங்கீதங்களை ஓதுவோர் ஒரு வகையார். சமையல், துணி, தோட்டம் முதலிய வேலைகளைச் செய்வோர் மற்றொரு வகையார். இவர்களே ஊழியச் சகோதரர். தேவனுடைய வீட்டிலும் தொழில் பற்றிய மேல் கீழ் நுழைந்திருந்ததை நாம் மறைக்க வேண்டுவதில்லை. தொழிலைக் கொண்டு மனிதரை அளக்கும் வழக்கம் எவ்வளவு ஆழமாக வேரோடக்கூடியதென்பதை நம்மவரினும் நன்கறிந்தோர் யார்? லாரென்ஸ் அக்கீழ்ப்படியிலேயே கடைசிவரை இருந்தார்.

மடத்தின் சமையற்கட்டு அவருக்கு ஒப்புவிக்கப்பட்டது. சமையல் வேலையில் அவருக்கு இயல்பாகவே மிகுந்த அருவருப்பு உண்டு. அருவருத்த வேலையையே பதினைந்து ஆண்டு செய்தார். ஒரே சமயத்தில் பலர் பலவற்றைக் கேட்க, பாத்திரங்கள் ஒலிக்க, நெருப்பின் முன் நின்றபடியே, தேவன் தம் பக்கத்தில் நிற்பதாக எண்ணிச் சின்னச்சின்ன வார்த்தைகளால் அவருடன் பேசப் பழகினார். வேலை தொடங்குமுன் உதவி கேட்பார். முடிந்தபின் நன்றாயிருந்தால் நன்றி சொல்வார், பிசகியிருந்தால் மன்னிப்புக் கேட்டு, அதையே எண்ணி ஏங்காமல் அடுத்த வேலைக்குச் செல்வார். சட்டியில் முட்டையடையைத் திருப்பிப் போடுவதையும், தரையிற் கிடக்கும் ஒரு துரும்பைப் பொறுக்குவதையும் தேவ சிநேகத்துக்காகவே செய்யலாம் என்பது அவர் கொள்கை. முழங்காற்படியிட்டிருக்கும் வேளைக்கும் அடுப்படி இரைச்சலின் வேளைக்கும் தமக்கு வேற்றுமை தோன்றவில்லை என்று அவர் சொன்னதே அவர் புகழுக்குக் காரணமாயிற்று. கர்மேல் சபையைச் சீர்திருத்திய அர்ச். தெரேசம்மாளும் சட்டிபானைகளுக்கிடையே ஆண்டவர் உலாவுகின்றார் என்ற கருத்தைத் தம் கன்னியருக்கு எழுதியிருந்தார். அம்மையார் எழுதியதை இவர் செய்து காட்டினார்.

இவ்வளவும் கேட்போர், பிறவியிலேயே சாந்தமான மனிதர் போலும் என்று நினைக்கக்கூடும். அவரைப் போற்றி எழுதுவோர் பலரும் விரைந்து கடந்துவிடும் பகுதி ஒன்றுண்டு. நம் போன்றோருக்கு அதுவே மிகவும் வேண்டியதென்பது எமது அபிப்பிராயம். மடத்துக்கு வந்தபின் ஏறக்குறைய பத்தாண்டு காலம் அவர் மனம் பெரும் வேதனையில் இருந்தது. பழைய பாவங்களின் நினைவு வருத்தியது. தாம் விரும்பியவாறு தேவனுக்கு உரியவராக இல்லையென்ற அச்சம் நீங்கவில்லை. விழுவதும் எழுவதுமாகவே நாட்கள் சென்றன. இவ்வேதனை சாகுமளவும் இருந்தாலும் இருக்கட்டும், தேவனை நேசிப்பதை மட்டும் விடேன் என்று துணிந்த பிறகே அமைதி வந்ததாம். பத்தாண்டு! நாமோ பத்து நாள் முயன்று, மனம் நிலைக்கவில்லை என்று கைவிடுகின்றோம்.

அவருக்கு வெளி வேலையும் இல்லாமற் போகவில்லை. 1666-ஆம் ஆண்டையொட்டி மடத்துக்குத் திராட்சரசம் கொள்முதல் செய்வதற்காக பர்கண்டி நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன் ஒவேர்ஞ் நாட்டுக்கும் சென்றிருந்தார். வியாபாரத்தில் சாமர்த்தியமில்லாதவர், கால் ஊனமானவர், படகிலே பீப்பாய்களின் மேல் உருண்டுதான் இடம் பெயர்ந்தாராம். இது உம்முடைய காரியம் என்று தேவனிடம் சொல்லிவிட்டுப் போனார். காரியம் நன்றாகவே முடிந்தது. கொள்முதலுக்குப் போகும் நம் வர்த்தக சகோதரர் இப்படகுப் பிரயாணத்தைச் சற்றே மனத்திற் கொள்வாராக. கால்நோவு மிகுந்தபின் சமையற்கட்டு நீங்கிச் சகோதரருக்குப் பாதரட்சை தைக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். அவர் துறவி, பெண்டு பிள்ளையில்லை, கடன்காரனில்லை, மகள் கலியாணக் கவலையில்லை, அவர் வழி இல்லறத்தாருக்கு எப்படிப் பொருந்தும்? நியாயமான கேள்வியே. ஆனால் அவருடைய கடிதங்களிற் சில மடத்துக்கு வெளியிலுள்ளோருக்கே எழுதப்பட்டவை. தமக்குத் தெரிந்த ஒரு போர்வீரனைக் குறித்து எழுதுகையில், கையில் வாளுடன் அணிவகுத்து நடக்கும்போதும் சிறிதளவு இருதயத்தை மேலே உயர்த்தினால் போதும், யாரும் அதை அறியவும் மாட்டார்கள் என்று கூறுகின்றார். போரை நேரிற் கண்டவரின் வார்த்தை அது. இன்னொன்று: இவரைச் சாட்டி, வேலையே ஜெபம், கோயில் எதற்கு என்று பேசுவோர் இக்காலத்தில் உளர். அவர் மடத்தின் ஜெப வேளைகளைத் தவறவிட்டவரல்லர். வேலைக்குள் ஜெபத்தைக் கொண்டுபோனாரேயன்றி ஜெபத்தின் இடத்தில் வேலையை வைத்தாரல்லர்.

கல்வியில்லாத இச்சமையற்காரரைத் தேடி, பிற்காலத்தில் மேற்றிராணியார் நொவாயியின் பிரதிநிதியான போபோர் என்னுங் குருவானவர் 1666-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 3-ஆம் நாள் முதன்முறை வந்தார். அவர் குறித்துவைத்த நான்கு சம்பாஷணைகளும், எஞ்சிய பதினாறு கடிதங்களும் இல்லாவிடில் லாரென்ஸின் பெயர் நமக்கு எட்டியிராது. 1691-ஆம் ஆண்டு பெப்ரவரி 12-ஆம் நாள் லாரென்ஸ் இறந்தார். 1692-லும் 1694-லும் போபோர் அவருடைய வாக்குகளை அச்சிட்டார்.

அப்புத்தகங்களின் பிற்காலம் வேடிக்கையானது. நோயுற்றிருந்த லாரென்ஸை நேரிற் கண்டவராகிய பெனெலோன் மேற்றிராணியாருக்கும் போசுவே மேற்றிராணியாருக்கும் தியான முறைகளைப் பற்றிப் பெரும் வாதம் மூண்டது. 1699-ஆம் ஆண்டில் பாப்பரசர் பன்னிரண்டாம் இன்னொசெந்து பெனெலோனுடைய நூலிலிருந்து இருபத்துமூன்று வாக்கியங்களைக் கண்டித்தார். அச்சந்தேகத்தின் நிழல் லாரென்ஸின் மேலும் விழ, சொந்த நாட்டுக் கத்தோலிக்கர் அவரை நெடுங்காலம் மறந்தனர். அதே 1699-இல் ஆலந்து தேசத்தில் வசித்த புவாரே என்னும் பிராடெஸ்டண்டுப் போதகர் அவ்வாக்குகளை மறுபடியும் அச்சிட்டார். பின்னர் இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி, தம் பிரசங்கிமாரும் எளிய ஜனங்களும் வாசிப்பதற்கென 1749 முதல் 1755 வரை ஐம்பது பாகங்களாக வெளியிட்ட கிறிஸ்தவ நூல்நிலையத்தில், கத்தோலிக்க மடத்துச் சமையற்காரருடைய வாக்குகளுக்கும் ஓரிடம் தந்தார்.