வடக்கே திரும்பாத கால்வாய்: மகாவலி அணைகளின் வரிசையும் அரசின் முன்னுரிமையும்

மகாவலித் திட்டத்தின் முன்னேற்றத்தை அணைகளின் எண்ணிக்கையில் சொல்வதே வழக்கமாகிவிட்டது. எந்த அணை எப்போது எழுந்தது, எது காத்திருந்தது, எது வரைபடத்தோடு நின்றது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு வரலாறு புலப்படுகிறது. மின்சாரம் தரும் அணைகள் முந்தின. வடக்கே நீர் கொண்டுசெல்ல வேண்டிய கால்வாய் ஒவ்வொரு கட்டத்திலும் பின்தள்ளப்பட்டது. இது தற்செயலாக நேர்ந்ததல்ல என்பதே இக்கட்டுரையின் வாதம்.

335 கி.மீ. நீளமுள்ள மகாவலி மத்திய மலைநாட்டில் தோன்றி, கண்டியை வளைத்துக் கிழக்கே இறங்கி, மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடல் சேர்கிறது. அதன் வடிநிலம் இலங்கைத் தீவின் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. மலைநாட்டு மழையை வறண்ட வலயத்துக்குத் திருப்பும் எண்ணம் புதிதன்று. எலஹெர, மினிப்பே கால்வாய்கள் பல நூற்றாண்டுகள் பழமையானவை. நவீன வடிவம் 1968இல் வந்தது. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் இலங்கை அதிகாரிகளுடன் சேர்ந்து தயாரித்த பெருந்திட்டம், 30 ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக ஏறத்தாழ 9 லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தர முனைந்தது. அநுராதபுரத்தைத் தாண்டி வவுனியாப் பக்கம் வரை நீரைக் கொண்டுசெல்லும் வடமத்திய கால்வாயும் அதில் இருந்தது. வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத வட மாகாணத்துக்கு இது சிறு செய்தியல்ல. இரணைமடு உட்பட வன்னிக் குளங்கள் எல்லாம் மாரி மழையை நம்பியவை. மழை பொய்த்த ஆண்டில் சிறுபோகம் இல்லை.

முதற்கட்டமாக 1976இல் பொல்கொல்லை அணை முடிந்தது. அது ஆற்றைத் தேக்குவதைவிடத் திருப்பிவிடுவதற்காகக் கட்டப்பட்டது. திரும்பிய நீர் ஏறத்தாழ 8 கி.மீ. சுரங்கம் வழியே உக்குவெல மின்நிலையத்தை அடைந்து, சுது கங்கையில் விழுந்து, போவதென்னை நீர்த்தேக்கத்தில் இரண்டாகப் பிரிகிறது: ஒரு பங்கு கலாவெவப் பக்கம், மறு பங்கு அம்பன் கங்கை வழியே எலஹெரவுக்கு.

இந்த இடத்தில்தான் திட்டத்தின் முடிச்சு இருக்கிறது. பொல்கொல்லையில் திருப்பப்படும் நீர் உக்குவெலவில் ஒரு முறை சுழலியைச் சுற்றும். எலஹெரப் பக்கம் போவது போவதென்னையில் இன்னொரு முறை. இரண்டு நிலையங்களும் 40 மெகாவாட் அளவிலானவை. அதே நீரை ஆற்றோடு விட்டால் விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே ஆகிய மூன்றிலும் மின்சாரம் எடுத்துக்கொண்டு, அதன்பின் மினிப்பேயில் வயலுக்கும் கொடுக்கலாம். விக்டோரியா மட்டுமே 210 மெகாவாட். ஆகவே பொல்கொல்லைக்குக் கீழே கட்டப்பட்ட ஒவ்வொரு அணையும், வடக்கே திருப்பும் நீரால் இழக்க நேரும் மின்சாரத்தைக் கூட்டியது. வடக்குக்கு நீர் கொடுப்பதில்லை என்று எவரும் ஆணை எழுத வேண்டியிருக்கவில்லை. அணைகளின் வரிசையே அதைத் தீர்மானித்தது.

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே. ஆர். ஜயவர்தன அரசு 30 ஆண்டுத் திட்டத்தை ஆறு ஆண்டுகளுக்குள் முடிப்பதாக அறிவித்தது. காமினி திசாநாயக்க அமைச்சராக நின்று நடத்தினார். 1979இல் மகாவலி அதிகார சபை சட்டத்தால் நிறுவப்பட்டது. ஆறு ஆண்டில் முழுத் திட்டமும் முடியாது என்பது விரைவிலேயே தெரிந்தது. எனவே ‘துரித மகாவலி’ என்பது வேகத்தைக் கூட்டியதோடு, திட்டத்தில் எது வேண்டும், எது வேண்டாம் என்ற தெரிவாகவும் ஆயிற்று. அந்தத் தெரிவில் உதவி வழங்கும் நாடுகளின் கையும் இருந்தது. விக்டோரியாவுக்குப் பிரித்தானியா, கொத்மலைக்குச் சுவீடன், ரந்தெனிகலவுக்கு மேற்கு ஜெர்மனி, மாதுறு ஓயாவுக்குக் கனடா. தம் நாட்டுப் பொறியியலைக் காட்டும் ஓர் அணைக்கு நிதி கிடைப்பது எளிது. பற்றைக்காட்டினூடாகப் போகும் மண் கால்வாய்க்கு அது கிடைப்பதில்லை. 1985 ஏப்ரலில் மார்கரெட் தாட்சர் நேரில் வந்து 122 மீட்டர் உயர விக்டோரியா அணையைத் திறந்துவைத்தார். பழைய தெல்தெனிய நகரம் அதன் நீருக்குள் போனது. நீர்மட்டம் தாழும் காலங்களில் அந்நகரின் சுவர்கள் இன்றும் வெளியே தெரிகின்றன.

    

துரிதத் திட்டத்தின் முதல் பட்டியலில் இருந்தும் நிதி கிடைக்காமல் பின்தள்ளப்பட்டது மொரகஹகந்த. அம்பன் கங்கையில் அமையும் இந்த நீர்த்தேக்கம்தான் வடக்குப் பாதைக்குத் திறவுகோல். கொத்மலையும் விக்டோரியாவும் 1985இல், ரந்தெனிகல 1986இல், ரந்தம்பே 1990இல் முடிந்தன. மொரகஹகந்தவின் வேலை 2007இல் தொடங்கி, சீனக் கடனுதவியுடன் 2018இல்தான் நிறைவுற்றது. இடையில் போர் நடந்தது உண்மை. ஆனால் போரை மட்டும் காரணம் காட்டுவது பொருந்தாது; ஒத்திவைப்பு போருக்கு முன்பே தொடங்கிவிட்டது.

நீர் வராத வடக்குக்குத் திட்டத்தின் பெயர் மட்டும் வந்தது. 1980களின் பிற்பகுதியில் மணலாற்றுப் பகுதி ‘வெலிஓயா’ ஆகி, மகாவலி ‘எல்’ வலயமாக்கப்பட்டது. தமிழ்க் குடும்பங்கள் வெளியேற்றப்பட்ட நிலத்தில் சிங்களக் குடியேற்றங்கள் அமைந்தன. அங்கே மகாவலி நீர் ஒரு சொட்டும் பாயவில்லை; அதிகார சபையின் நிர்வாகம் பாய்ந்தது. 1987இன் 13ஆம் திருத்தமும் மாகாணங்களுக்கு இடைப்பட்ட ஆறுகளின் பாசனத்தைக் கொழும்பின் கையிலேயே விட்டதால், இதைத் தடுக்கும் அதிகாரம் எந்த மாகாண சபைக்கும் கிடைக்கவில்லை. வடக்கில் இன்றும் மகாவலி என்ற சொல்லைக் கேட்டவுடன் மக்கள் பாசனத்தை நினைப்பதில்லை, காணியை நினைக்கிறார்கள் என்றால் அதன் காரணம் இதுதான். அந்த அச்சத்தை இனவாதமென்று தள்ளுவோர் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

2015இல் ஆசிய அபிவிருத்தி வங்கி மகாவலி நீர்ப் பாதுகாப்பு முதலீட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபின், மொரகஹகந்தவிலிருந்து வடக்கே செல்லும் மேல் எலஹெரக் கால்வாயின் வேலை தொடங்கியது. நீண்ட சுரங்கங்களையும் கொண்ட அந்தக் கால்வாய் ஹுருலுவெவ, மகாகனதராவ முதலிய குளங்களை நோக்கியது. இந்தக் குளங்கள் அநுராதபுர மாவட்டத்துக்குள் இருக்கின்றன. அங்கிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் நீர் போக, அடுத்த கட்டத்துக்குத் தனி நிதியும், எவ்வளவு நீர் யாருக்கு என்ற எழுத்து மூலமான பங்கீடும், காணி அதிகாரம் அந்த மக்களிடமே இருக்கும் என்ற உறுதியும் வேண்டும்.