பழுனிய தேறல்: ஆய் நாட்டு மூங்கிலும் பெங்களூரு ஓக் பீப்பாயும்

திருவனந்தபுரத்து வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் உள்ளது. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி கூறும் காந்தளூர்ச்சாலை இப்பகுதியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. இதற்குக் கிழக்கே உயரும் பொதியில் மலை சங்க காலத்தில் ஆய் குடியினருக்கு உரியது. அம்மலைநாட்டு மதுவைப் பற்றிய குறிப்பொன்று புறநானூற்றின் 129ஆம் பாடலில் கிடைக்கிறது. வளைந்த மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலைப் பருகிய குறவர், வேங்கை மர முற்றத்தில் குரவை ஆடுகின்றனர். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் ஆய் அண்டிரனைப் பாடிய பாடல் அது.

மது முதிர்வதைக் குறிக்கப் புலவர் ஆளும் வினை ‘பழுனுதல்’. பழு, பழம் ஆகியவற்றோடு உறவுடையது. ‘தேறல்’ என்பது ‘தேறு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. கலங்கல் அடங்கித் தெளிந்தது என்பது பொருள். நோயாளி தேறுவதும் மாணவர் தேர்வில் தேறுவதும் இதே வினையால்தான். மதுவின் வயதை இச்சொற்கள் கூறுவதில்லை. அது அடைந்த மாற்றத்தையே கூறுகின்றன. ஔவையாரின் 392ஆம் புறப்பாட்டில் தேறல் நாள்பட்டது என்னும் குறிப்பு உண்டு. அங்கும் அதன் தன்மையை உணர்த்துவது தேளின் கடுப்பை ஒத்த சுவையே.

சங்கத் தேறல் நொதித்த மது. விஸ்கி காய்ச்சி வடித்தது. எனினும் முதிர்ச்சியை எதனால் அளப்பது என்னும் வினா இரண்டுக்கும் பொது. ஸ்காட்லாந்தின் சிங்கிள் மால்ட், ஒரே வடிசாலையில் முளைகட்டிய வாற்கோதுமையால் ஆக்கப்பட்டு, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு உறங்க வேண்டும். பீட் எனப்படும் சதுப்புநில மக்குக்கரியின் புகையில் வாற்கோதுமையை உலர்த்தினால் புகைமணம் ஏறும். ஆண்டுகள் செல்லச் செல்ல அம்மணம் தணிந்து, ஓக் தரும் வெனிலா மணம் மேலெழும். மென்புகை மால்ட்டைச் சுவைப்போர் முதலில் முகர்ந்து, பின் சில துளி நீர் சேர்த்து, இவ்விரண்டின் சமநிலையையே தேடுகின்றனர்.

அச்சமநிலைக்கு எத்தனை ஆண்டு என்பதை நிலமே முடிவு செய்கிறது. 1948இல் பெங்களூருவில் தோன்றிய அம்ருத் நிறுவனம், 2004இல் தன் சிங்கிள் மால்ட்டைக் கிளாஸ்கோவில் அறிமுகம் செய்தது. பின்னர் வந்த அதன் ‘ஃபியூஷன்’, இந்திய வாற்கோதுமையோடு புகையூட்டிய ஸ்காட்லாந்து வாற்கோதுமையும் சேர்ந்தது. ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு ஆவியாகும் பீப்பாய்ச் சரக்கு, பெங்களூரு வெப்பத்தில் 10 விழுக்காட்டுக்கும் மேல் ஆவியாகிறது. மரத்தின் சாரமும் விரைவாக இறங்குகிறது. ஸ்காட்லாந்தில் 12 ஆண்டு தரும் முதிர்ச்சியை இங்கே அதே எண்ணால் அளக்க இயலாது.

ஆண்டுக்கணக்கு தடுமாறும் இவ்விடத்தில் ‘பழுனுதல்’ பொருந்தி நிற்கிறது. கனி பழுப்பதை நாளெண்ணி அறிவதில்லை. மணத்தாலும் சுவையாலும் அறிகிறோம். கள், சாராயம், விஸ்கி அனைத்தையும் ‘சரக்கு’ என்னும் ஒரு சொல்லில் அடக்கும் இன்றைய வழக்கு, இந்நுட்பத்தை இழந்துவிட்டது. மதுவிலக்கை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் அறிய வேண்டிய சொல்வரலாறு இது.