கரிசல் மண்ணுக்குத் தீக்குச்சி வந்த கதை

உங்கள் வீட்டு அடுப்படியில் இருக்கும் தீப்பெட்டியைக் கையில் எடுத்து, அதில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் ஊர்ப் பெயரைப் படித்துப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் ஆகியவற்றுள் ஒன்றாக இருப்பதற்கே வாய்ப்பு மிகுதி. வட மாவட்டத்தவர் கையில் ஒருவேளை குடியாத்தம் கிடைக்கலாம். முதலில் சொன்ன ஊர்களை வரைபடத்தில் ஒரு கோட்டால் வளைத்தால், உள்ளே அடங்குவது பெரும்பாலும் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் விளையும் வானம் பார்த்த பூமி. தீக்குச்சிக்கு வேண்டிய மென்மரம் இங்கே விளைவதில்லை. அது மலைக்கு அப்பால் கேரளத்திலிருந்து வந்து இறங்கியது. கந்தகமும் பாஸ்பரசும் இங்கே தோண்டி எடுக்கப்படுவதில்லை. அப்படியிருக்க, தீப்பெட்டி ஏன் இந்த மண்ணைத் தேடி வந்தது? விடையில் பாதி இரு மனிதர்களிடம் இருக்கிறது. மறு பாதி, எங்கள் பாடமாகிய இயற்பியலில் இருக்கிறது.

தீக்குச்சி பழமையான பொருள் அன்று. உரசினால் பற்றும் குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் என்ற மருந்துக் கடைக்காரர் 1827-இல் விற்கத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் வெண்பாஸ்பரஸ் தடவிய குச்சிகள் வந்தன. அவை எங்கே உரசினாலும் பற்றின. ஆனால் அவற்றைச் செய்தவர்களின் தாடை எலும்பு அழுகிப்போனது. 1844-இல் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ் ஒரு நல்ல வழி கண்டார். நஞ்சான வெண்பாஸ்பரசுக்குப் பதில் செம்பாஸ்பரசைக் கொண்டு, அதையும் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டு இருக்கும். இரண்டும் தனித்தனியே இருக்கும்வரை சாதுக்கள். உரசும் கணத்தில் மட்டும் சந்திக்கின்றன. உலர்ந்த நிலையில் இரண்டையும் ஒன்றாகக் கலந்து வைத்தால், லேசாகத் தொட்டாலே வெடிக்கும். (வாசகர்கள் இதைச் சோதித்துப் பார்க்க வேண்டா.) நாம் இன்று பயன்படுத்தும் "பாதுகாப்புத் தீப்பெட்டி" இதுதான். வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியை இந்தியா 1913-இல் சட்டம் போட்டுத் தடை செய்தது.

சூத்திரம் புத்தகத்தில் இருக்கிறது. அதை வைத்துக் கொண்டு தீக்குச்சி செய்துவிட முடியுமா? 1870-களில் கல்கத்தாவில் தேசப்பற்று மிக்க இளைஞர் சிலர் முயன்று பார்த்தார்கள். அவர்களோடு சிறுவராக இருந்த இரவீந்திரநாத் தாகூர் தம் நினைவுக் குறிப்புகளில் அதைக் கேலியோடு எழுதியிருக்கிறார். ஒரு பெட்டிக்கு ஆன செலவில் ஒரு வீட்டின் அடுப்பை ஓராண்டு எரித்திருக்கலாமாம். இன்னொரு சிறு குறையும் இருந்ததாம்: பக்கத்தில் வேறு நெருப்பு இருந்தால்தான் அந்தக் குச்சி பற்றியது! படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், ஆர்வம் மிக்கவர்கள். ஆனாலும் குச்சி பற்றவில்லை. இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் நாட்டுக்குத் தீப்பெட்டி சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தது. கல்கத்தாவில் குடியேறிய ஜப்பானியர் சிலர் அங்கேயே சிறு அளவில் அதைச் செய்தனர்; அவர்களிடமிருந்து வங்காளிகள் கற்றுக்கொண்டனர். 1922-இல் அரசு இறக்குமதித் தீர்வையை ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. சரக்கின் விலையையே விஞ்சும் தீர்வை! உள்நாட்டில் செய்பவனுக்கு இதைவிட நல்ல காலம் வாய்க்காது.

அதே 1922-இல்தான் சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். உறவினர்கள்; இருவரும் இளைஞர்கள். மொழி தெரியாத ஊரில், பூர்ண சந்திர ராய் என்ற வங்காளத் தொழில் முனைவரிடம் சில மாதங்கள் தங்கித் தொழில் கற்றார்கள். 1923-இல் ஊர் திரும்பித் தீப்பெட்டி செய்யத் தொடங்கினார்கள். முதலில் ஜெர்மானிய இயந்திரங்களைத் தருவித்தார்கள், அது கட்டுப்படியாகவில்லை. ஆகவே இயந்திரத்தை விட்டுக் கைவேலைக்கு மாறினார்கள். 1926-இல் இருவரும் தனித்தனியே பிரிந்தனர். அய்ய நாடாரின் பெட்டியில் அணில் ஏறியது. சண்முக நாடாரின் பெட்டியில் காக்கா உட்கார்ந்தது.

இயந்திரத்தை விட்டுக் கைக்கு வந்தார்கள் என்பதைப் பின்னடைவு என்று நினைக்கத் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. அதே 1923-இல் சுவீடன் நாட்டுத் தீப்பெட்டி முதலாளி ஈவார் குரூகரின் நிறுவனம் "விம்கோ" என்ற பெயரில் இந்தியாவுக்குள் நுழைந்தது. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத்திலும் பிறகு பரேலி முதலிய இடங்களிலும் பெரிய இயந்திர ஆலைகளை நிறுவியது. உலகத் தீப்பெட்டியில் பாதிக்கும் மேல் குரூகரின் பிடியில் இருந்த காலம் அது. அவரோடு இயந்திரத்துக்கு இயந்திரம் மோதியிருந்தால் சிவகாசி ஒரு பருவம்கூடத் தாங்கியிருக்காது. கையில் செய்ததால் முதல் குறைந்தது. முதல் குறைந்ததால், ஓர் ஆலையில் வேலை பழகியவர் நாளை தாமே ஒன்று தொடங்க முடிந்தது. அப்படித்தான் தொழில் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் அவற்றைச் சுற்றிய கிராமங்களுக்கும் பரவியது. எங்கள் பக்கத்தில் இன்றும் அதைத் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. "தீப்பெட்டி ஆபீஸ்" என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஆபீசுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். பள்ளம் வெட்டிய மரச் சட்டங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கி, சட்டத்தின் மேல் சட்டம் வைத்து இறுக்கினால் ஆயிரக்கணக்கான குச்சிகள் நிற்கும் ஒரு கட்டை கிடைக்கும். குச்சிகளின் நுனியை முதலில் உருகிய மெழுகில் தோய்ப்பார்கள்; குச்சித் தலையின் நொடிநேர நெருப்பை மரத்துக்குக் கொண்டு சேர்ப்பது இந்த மெழுகுதான். பிறகு, தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பிய மருந்தில் முக்கி எடுப்பார்கள். காய்ந்ததும் பெட்டியில் அடைத்து, பக்கவாட்டில் பாஸ்பரஸ் கலவை பூசிக் கட்டுவார்கள். பெட்டி ஒட்டும் வேலை வீட்டுத் திண்ணைகளில் நடந்தது. இவற்றுள் பெரும்பாலான வேலைகளை ஒரு வாரத்தில் பழகிவிடலாம்.

ஒரே ஒரு வேலை அப்படியன்று. அது மருந்து கலப்பது.

மருந்தில் பொட்டாசியம் குளோரேட்டு, கந்தகம், கண்ணாடித் தூள், சாயம் ஆகியவற்றோடு வச்சிரம் சேரும். விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசைதான் வச்சிரம். தச்சர்கள் நன்கு அறிவார்கள். அது சூட்டில் இளகும், ஆறினால் கூழாக உறையும். அடுப்பில் நேரே காய்ச்சினால் அதன் ஒட்டும் வலிமை கெடும்; ஆகவே வெந்நீருக்குள் பாத்திரத்தை வைத்துத்தான் சூடேற்ற வேண்டும். மருந்து அதிகம் இளகியிருந்தால் குச்சியின் வழியே வழியும். தலை நீண்டு மெலியும். கெட்டியாகிவிட்டால் கட்டிகட்டியாக ஏறும். நுரை இருந்தால் தலைக்குள் காற்றுக்குமிழி நின்று, உரசும்போது பிய்ந்து தெறிக்கும். சரியான பதத்தில் மட்டுமே, திரவத்தின் பரப்பு இழுவிசை அதை உருண்டைத் துளியாகப் பிடித்து நிறுத்த, உறைவு அந்த உருவத்தை அப்படியே காப்பாற்றும். குளோரேட்டைக் கந்தகத்தோடு உலர வைத்து அரைத்தால் ஆளுக்கே ஆபத்து என்பதும் இதனோடு சேர்ந்தது. எப்போதும் ஈரத்தோடுதான் கலக்க வேண்டும்.

இதையெல்லாம் மருந்து கலப்பவர் வெப்பமானி வைத்துச் செய்யவில்லை. துடுப்பைத் தூக்கினால் எப்படி ஒழுகுகிறது, இரண்டு விரலுக்கு நடுவே எப்படி இழுபடுகிறது என்று பார்த்துச் செய்தார். கோவில்பட்டியில் கடலை மிட்டாய்க்குப் பாகு எடுப்பவரும் இதே சாதி அறிவு உடையவர்தான். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்த்தே பதம் சொல்லிவிடுவார். (அந்த மிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது.) பாகுநிலையும் பிசுபிசுப்பும் பற்றி வகுப்பில் நான் எழுதும் சமன்பாடுகள் இவர்களுக்குத் தெரியாது. ஆனால் என் சமன்பாட்டை வைத்துக்கொண்டு நான் மருந்து கலந்தால், தாகூரின் நண்பர்கள் செய்த குச்சியைத்தான் நானும் செய்வேன்.

இப்போது காற்றுக்கு வருவோம். முக்கிய குச்சி காய வேண்டும். வச்சிரம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் பொருள், மரமும் அப்படியே. ஈரம் மிகுந்தால் தலை காய்வதற்குள் உருக்குலையும். காய்ந்த பிறகும் நமுத்துப்போகும். நமுத்த தீப்பெட்டியோடு மழைநாளில் போராடாத வீடு உண்டா?

தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி ஏறுகிறது. ஏறும் காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது, சுமந்துவந்த நீரைக் கேரளப் பக்கமே கொட்டிவிடுகிறது. பிறகு மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்குகிறது. இறங்கும் காற்று அமுக்கப்படுகிறது, அமுங்குவதால் சூடாகிறது. சூடான காற்றுக்கு இன்னும் அதிக நீராவியை ஏற்கும் ஆற்றல் உண்டு. ஆகவே ஆனி, ஆடி மாதங்களில் கோவில்பட்டியில் வீசுவது, கண்ட இடத்தில் ஈரத்தைக் குடிக்கும் காற்று. ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டி வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் சூடேற்றும் அறையோ விறகுச் செலவோ இல்லாமல் குச்சி தானே காயும். எந்தக் காற்று சம்சாரியின் பயிரைக் கருக்கியதோ, அதே காற்று தீப்பெட்டி ஆபீசுக்குக் கூலியில்லாத வேலைக்காரனாக வந்து நின்றது. மழை பொய்த்த ஆண்டுகளில் சும்மா இருந்த கைகளும் அங்கேதான் போயின.

காற்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிடக் கூடாது. வறண்ட காற்று இராயலசீமையிலும் வீசுகிறது. அங்கே இப்படித் தீப்பெட்டித் தொழில் வேரூன்றவில்லை. வரியும் ஒரு காரணம். 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தித் தீர்வை வந்தது. பிற்காலத்தில் கையால் செய்யும் சிறிய ஆலைகளுக்குக் குறைந்த வீதம் விதிக்கப்பட்டது. பெரியதாக வளர்வதைவிடச் சிறியதாகவே பல இடங்களில் இருப்பது லாபம் என்றானது.

இந்தக் கதையில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. அதை விட்டுவிட்டுப் பெருமை பேசுவது நேர்மையாகாது. கட்டை அடுக்கியவர்களிலும் பெட்டி ஒட்டியவர்களிலும் ஏராளமானோர் குழந்தைகள், அதிலும் பெண் குழந்தைகள். விடியுமுன் கிராமங்களுக்கு வண்டி வந்து அவர்களை ஏற்றிச் சென்றது. "சின்ன விரலுக்குத்தான் இந்த வேலை ஓடும்" என்று ஒரு சமாதானம் சொல்லப்பட்டது. அது பொய். சின்ன விரலுக்குச் சின்னக் கூலி கொடுத்தால் போதும் என்பதே உண்மை. 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசுத் தொழில்களில் சிறுவரை அமர்த்தத் தடை விதித்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், அமர்த்திய ஒவ்வொரு சிறுவருக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிறகு குச்சி அடுக்க இயந்திரங்கள் வந்தன. எந்தச் சின்ன விரலும் இல்லாமல் அவை அடுக்கின!

விம்கோவை 2005-இல் ஐ.டி.சி. வாங்கியது. கைவேலைக்கும் இயந்திர வேலைக்கும் இருந்த வரி வேறுபாடு 2020 ஏப்ரலில் நீங்கியது. 2021 டிசம்பரில், 14 ஆண்டுகளுக்குப் பிறகு, பெட்டியின் விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டானது. அதற்குள் பெட்டிக்கடைகளில் வெளிநாட்டுப் பிளாஸ்டிக் லைட்டர் தொங்கத் தொடங்கியிருந்தது. அதில் பொறி தரும் கல் உண்மையில் கல்லன்று. சீரியமும் இரும்பும் சேர்ந்த உலோகக் கலவை. 1903-இல் ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுவர் கண்டது. சக்கரம் சுரண்டும்போது உதிரும் துகள்கள் காற்றில் தாமே எரிகின்றன. வச்சிரம் வேண்டா, குளோரேட்டு வேண்டா, காய்ச்சலும் காய்தலும் வேண்டா. அது நமுப்பதும் இல்லை.

கோவில்பட்டி, சாத்தூர் உற்பத்தியாளர்கள் முறையிட்டதைத் தொடர்ந்து, 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. ஆலைகளில் இப்போது இயந்திரம் அடுக்குகிறது, இயந்திரம் முக்குகிறது, இயந்திரம் அடைக்கிறது. ஆனாலும் அந்த இயந்திரத்தின் தொட்டிக்குள் ஊற்றும் மருந்தை ஒருவர் கலந்தாக வேண்டும். ஐப்பசி பிறந்து, கிழக்கே மேகம் கருத்து, காற்றில் ஈரம் ஏறத் தொடங்கும் நாள்களில் அவருக்குத்தான் வேலை கடினம்.