தூரத்துக்கு முந்தின நாலு நாள்

எங்க கோவில்பட்டிப் பக்கம் மாதவிலக்குக்கு 'தூரம்'னு பேரு. 'வீட்டுக்குத் தூரம்'னா மூணு நாள் தட்டு தனி, பாய் தனி. ஆனா அதுக்கு முந்தின நாலஞ்சு நாள் இருக்கே... காரணமில்லாம அழுகை வரும், மார்பு கனக்கும், யாரைப் பாத்தாலும் எரிஞ்சு விழத் தோணும். அந்த நாட்களுக்கு ஒரு பேரை எங்க தெருவுல நான் கேட்டதே இல்லை. "இவளுக்கு வாய் கூடிப்போச்சு", அம்புட்டுத்தான்.

கரிசக்காடு மட்டுமில்லைங்க, நவீன மருத்துவமும் இதுக்கு லேட்டாத்தான் பேரு வச்சுது. 1931-ல நியூயார்க் டாக்டர் ராபர்ட் ஃபிராங்க் 'மாதவிலக்குக்கு முந்தைய இறுக்கம்'னு எழுதினார். 1953-ல லண்டன் டாக்டர் கேத்தரினா டால்ட்டன், ரேமண்ட் கிரீனோட சேர்ந்து அதை 'சிண்ட்ரோம்' ஆக்கினார். டால்ட்டனுக்கே மாசாமாசம் ஒத்தைத் தலைவலி வரும். கர்ப்பமா இருந்தப்ப அது காணாமப் போக, அங்க பிடிச்சார் நூலை. ஆக, பி.எம்.எஸ்.ங்கற பேருக்கு இன்னும் நூறு வயசாகலை.

சரி, யோகா மேட்டருக்கு வருவோம். "ஐயாயிரம் வருஷமா ரிஷிகள் பெண்களுக்குக் கொடுத்த மருந்து"ன்னு காலங்காத்தால டீவியில சொல்றாங்க. 15-ஆம் நூற்றாண்டு ஹட யோக பிரதீபிகையில மொத்தமே 15 ஆசனம்தான். மயூராசனம் வயித்து நோயைப் போக்கும்னு சொல்ற அந்த நூல்ல, இந்த நாலு நாளைப் பத்தி ஒரு வரி கிடையாது. துறவு போன ஆம்பளைங்களை மனசுல வச்சு எழுதினதுல எப்படி இருக்கும்?

பொம்பளைங்க உள்ள வந்த கதை ரொம்பக் கிட்டத்துல நடந்தது. 1937-ல மைசூர்ல கிருஷ்ணமாச்சாரியார்கிட்ட இந்திரா தேவிங்கற ரஷ்யப் பெண்மணி சேரப் போனாங்க. மாட்டேன்னுட்டார். மகாராஜா சிபாரிசு பண்ணப்புறம்தான் சேத்துக்கிட்டார். 1950-கள்ல அவர் சென்னைக்குக் குடிவந்தார். ஆளுக்குத் தக்கபடி பயிற்சிங்கற அவரோட வழியிலதான், 1976-ல கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் அங்க ஆரம்பமாச்சு.

அவரோட சிஷ்யர் புனே பி.கே.எஸ். ஐயங்கார். ஐயங்காரோட மூத்த பொண்ணு கீதா (1944-2018), சின்ன வயசுல சிறுநீரக நோயில படுத்து, யோகாவால தேறினவங்க. 1983-ல அவங்க பெண்களுக்குன்னே ஒரு யோகா புத்தகம் எழுதினாங்க. மாதவிலக்கு, கர்ப்பம், மாதவிடாய் நிக்கிற காலம்னு பெண்ணுடம்பை வச்சு ஆசனங்களைப் பிரிச்சாங்க. இன்னைக்கு வகுப்புகள்ல முதுகுக்குத் தலையணை கொடுத்துப் படுத்து, பாதம் ரெண்டையும் சேத்து முட்டியை விரிக்கிற சுப்த பத்த கோணாசனம் சொல்லித் தராங்கள்ல, அதுல இந்தப் பெண்மணியோட உழைப்பு நிறைய இருக்கு.

பலன் உண்டா? நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சின்னது. வலி, படபடப்பு குறையுதுன்னு பலதும் சொல்லுது. ஹார்மோனையே சரிபண்ணிடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தாங்கமுடியாத மனச்சோர்வுன்னா டாக்டர்தான். அந்தத் தீவிர வகையை 2013-ல அமெரிக்க மனநல மருத்துவக் கையேடே தனி நோயா சேத்தாச்சு.

யார் கண்டுபிடிச்சா என்னன்னு கேப்பீங்க. ஆணி புடுங்கற ஆபீஸ்ல பாத்திருப்பீங்களே, எழுதினவர் பேரில்லாத பழைய கோடைத் தொடவே பயப்படுவாங்க. ரிஷி கொடுத்ததுன்னு சொன்னா யோகாவும் அப்படித்தான் ஆகும். கீதாங்கற ஒருத்தங்க உக்காந்து யோசிச்சுச் செஞ்சதுன்னா, அதை இன்னும் மாத்தலாம். தீப்பெட்டி ஆபீஸ்ல எண்ணிக்கைக்குக் கூலி வாங்கிக்கிட்டு, குனிஞ்ச தலை நிமிராம பெட்டி ஒட்டின மதினிமார் எங்க தெருவுல எத்தனையோ பேரு. அவங்களுக்குத் தலையணையும் கிடையாது, ஒரு மணி நேரமும் கிடையாது. வயசுக்கு வந்தப்ப உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்ததோட ஊரு கையைக் கழுவிடுச்சு. உக்காந்த இடத்துலயே பத்து நிமிஷத்துல செய்யற மாதிரி ஒரு முறையை அவங்களுக்காக யாராவது செஞ்சா, அதுவும் இந்த வரலாறுதான்.

உங்க ஊர்ல அந்த நாலு நாளுக்குப் பேரு இருந்தா சொல்லுங்க மக்கா.