மலைநாட்டு இல்லங்களில் இசைத்தட்டு

இசையை வீட்டிற்குள் கொணர்ந்த கருவிகளின் வரலாறு, அவை எவர் வீட்டிற்குள் நுழைந்தன, எவர் வாயிலில் நின்றுவிட்டன என்பதன் வரலாறுமாகும். இலங்கையின் மத்திய மலைநாட்டில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்படுகிறது.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டார். பத்தாண்டுகளின் பின், 1877இல், ஒலியைப் பதிந்து மீட்கும் கருவியை எடிசன் அமைத்தார். 1887இல் பெர்லினர் அதற்குத் தட்டு வடிவம் தந்தார். பழைய இசைத்தட்டின் முக்கிய மூலப்பொருளுள் ஒன்று, ஒரு சிறு பூச்சி சுரக்கும் அரக்காகும். நிமிடத்திற்கு 78 முறை சுழன்ற அத்தட்டு, ஒரு பக்கத்திற்கு மூன்று நான்கு நிமிடங்களே பாடும். எனவே வித்துவான்கள் விரிந்த கீர்த்தனைகளையும் அவ்வளவிற்குள் சுருக்கிப் பாட நேர்ந்தது.

சாவி கொடுத்தால் ஓடும் கிராமபோன் பெட்டிக்கு மின்சாரம் வேண்டியதில்லை. மின்விளக்கு எட்டாத மலைகளுக்கு அது மிகவும் ஏற்றதே. ஆயினும் அதன் விலை நாட்கூலிக்கு எட்டவில்லை. துரை பங்களாவில் தட்டு சுழன்ற காலத்தில், லயத்து அறைகளில் தப்பும் வாய்ப்பாட்டுமே இசையாக விளங்கின. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியவை இரவைப் பகலாக்கின. தாலாட்டும் ஒப்பாரியும் பிறப்பையும் இறப்பையும் சுமந்தன. தொழிலாளர் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், பாட்டினாலேயே கூட்டங்களைத் தட்டியெழுப்பினார். அவர் பாடல்கள் 1940இல் அச்சேறின. எனினும் சொற்களைத் தாங்கும் அச்சுக்குக் குரலைத் தாங்கும் ஆற்றல் இல்லை.

1925இல் கொழும்பில் வானொலி பிறந்தது. 1949இல் அது இலங்கை வானொலி என வளர்ந்து, கடல் கடந்தும் தமிழ்நாட்டு இல்லங்களில் இசைத்தட்டுகளை ஒலிக்கச் செய்தது. 1954இல் விற்பனைக்கு வந்த டிரான்சிஸ்டர் பெட்டி, நாளடைவில் மின்கலத்தின் துணையுடன் மலையேறிற்று. ஒருவர் வாங்கினால் லயம் முழுவதும் கேட்கும். ஆயினும் பெரும்பாலும் வெளியுலகின் குரலே உள்ளே வந்தது. மலையின் குரல் வெளியே செல்வது அருமையாயிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியா செல்ல வேண்டுமென வகுத்தபோது, பல குடும்பங்கள் பிரிந்தன. பாடுவோர் சென்ற வழியே பாட்டும் சென்றது. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் அரிதின் முயன்று அப்பாடல்களைத் தொகுத்தமை, எஞ்சியவற்றைக் காத்த பெரும்பணியாகும்.

1948இல் நீண்டு ஒலிக்கும் வினைல் தட்டும், 1982இல் எண்முறையில் பதிந்த குறுந்தட்டும் வந்தன. குறுந்தட்டு, ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்கி வைக்கிறது. வினைலில் ஊசி பள்ளத்தை உராய்வதால் ஒவ்வொரு முறையும் சிறிது தேய்வு உண்டு. நுவரெலியா போன்ற ஈரக் குளிரில் உறையின்மீது பூஞ்சணம் படர்வதும் உண்டு. எனினும் தட்டை உறையிலிருந்து எடுத்துத் துடைத்து, அமர்ந்து கேட்பது ஒரு பொறுமையைக் கற்பிக்கிறது. 2022இல் அமெரிக்காவில் வினைல் தட்டுகளின் விற்பனை எண்ணிக்கை, 1987க்குப் பின் முதன்முறையாகக் குறுந்தட்டை விஞ்சியது. எண்முறைப் பதிவோ ஆயிரம் முறை படியெடுத்தாலும் தேயாது. ஆயினும் அதைத் தாங்கும் கருவி பழுதானால் ஒரு நொடியில் மறையும். ஆகவே படிகள் பலவாக இருத்தல் வேண்டும்.

எது இனிமை என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். மலைநாட்டிற்கு வேறொரு வினா முதன்மையானது. தட்டைச் செய்ய ஆலையும் முதலும் வேண்டியிருந்தன. எண்முறைப் பதிவிற்குக் கைப்பேசி ஒன்றே போதும். இசைத்தட்டின் வாயிலில் நின்றுவிட்ட பாட்டிமாரின் தாலாட்டும், காமன் கூத்து ஆசான்களின் பாட்டும் இன்று அவரவர் பேரப்பிள்ளைகளின் கையிலேயே பதிவாகலாம். கொழுந்து பறித்த கைகளின் பாட்டு, இனி அச்சை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. பாடுவோர் இருக்கும்போதே பதிவு செய்தல் நலம்.